ஒற்றைக்கண்ணனின் பத்தொன்பது பயணங்கள்

பிப்ரவரி 9
துறைமுகம்

அன்புள்ள கொசுவுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியம், நீ அனுப்பிய தட்டச்சுப் பிரதியில் நன்றிப் பக்கத்தைத் தேடியதுதான். முகம் கழுவவில்லை, அடுப்பில் பால் வைக்கவில்லை. முந்நூற்று நாற்பது பக்கத்தையும் கட்டில் மேல் கவிழ்த்துப் பின்னாலிருந்து புரட்டினேன். இருக்கிறேன். நான்காவது பத்தியில், லாரி கொடுத்து உதவிய உப்பு வியாபாரிக்கும் உன் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்ட கம்பவுண்டருக்கும் நடுவில். ‘துறைமுக ஆவணக் காப்பகத்தின் பழைய பதிவேடுகளைப் பொறுமையுடன் படியெடுத்துத் தந்த என் கல்லூரித் தோழி.’ பொறுமையுடன்! வண்டி மாட்டைப் பாராட்டுவது போல இருக்கிறது.

சரி, உதட்டைப் பிதுக்காதே. புத்தகம் நன்றாக வந்திருக்கிறது. சொல்லும்போது வயிறு கொஞ்சம் எரிகிறது, ஆனாலும் சொல்கிறேன். இந்தக் கடற்கரையிலிருந்து உப்பும் துணியும் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய், பிசினும் தோலும் செம்புமாகத் திரும்பி வந்த ஒட்டகச் சாத்துகளை, அந்த வணிகக் கூட்டங்களைப் பற்றி இப்படி ஒருவரும் எழுதியதில்லை. ஆறாம் அத்தியாயம்தான் அதன் உயிர். ஒற்றைக்கண்ணன் என்ற சாத்துத் தலைவன் பத்தொன்பது முறை போய்த் திரும்பியதைப் பக்கத்திலேயே நடந்தவள் மாதிரி எழுதியிருக்கிறாய். கிணற்று விளிம்புக் கல்லில் கயிறு அறுத்த பள்ளத்தில் விரலை வைத்து, ‘இதில் எது அவன் கயிறு?’ என்று கேட்கிறாயே, அங்கே தாள்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

அட்டையில்தான் எனக்கு ஒரு கேள்வி. இரண்டு பெயர் என்று எழுதியிருந்தாய். ஒன்று நீ, இன்னொன்று உன் வரைபடக்காரப் பெண் பென்சில். விடுதி மொட்டைமாடியில் நாம் ஒரு போர்வைக்குள் உட்கார்ந்து போட்ட திட்டத்தில் பென்சில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்போது அவள் எங்கேயோ பள்ளிக்கூடத்தில் பலப்பம் தின்றுகொண்டிருந்திருப்பாள். நீ உள்நாட்டில் நடப்பது, நான் கரையில் ஏடு பார்ப்பது, ஆளுக்குப் பாதி. நடுநடுவே நானும் வந்து உன்னோடு நடப்பேன். இதுதான் பேச்சு. அப்பா படுக்கையில் விழுந்ததால் உன்னோடு ஒரு நாள்கூட நடக்க முடியாமல் போனது என் தலையெழுத்து. அவர் போய் இரண்டு வருஷம் ஆன பிறகும் நீ என்னைக் கூப்பிடவில்லையே, அது யார் தலையெழுத்து?

உன் போன கடிதத்தில் பென்சில் பதினான்கு இடத்தில் வருகிறாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “உக்காந்து எண்ணுனியா?” என்றார். கண்ணில் பட்டது என்றேன். “நானே இன்னொருத்தியோட நாலு மாசம் கூடாரத்துல இருந்தாக்கூட நீ இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டே” என்கிறார். துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஈரத்தில் கல்லாக ஒட்டிக் கிடந்த பதிவேட்டின் முதல் தொகுதி பைண்டரிடமிருந்து வந்துவிட்டது. ஏடு ஏடாகப் பிரித்திருக்கிறார். “புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. பிரிக்கவே பாவமா இருந்துச்சு” என்றார். புரட்டிப் பார்த்தேன். உனக்கு வேண்டியது அதில் ஒன்றும் இல்லை.

தண்ணீர் நிறையக் குடி. பென்சில் ஞாபகப்படுத்துவாள், இருந்தாலும் நானும் சொல்லி வைக்கிறேன்.

உன்
ஆமை


பிப்ரவரி 22
நான்காம் கிணற்று முகாம்

அடி ஆமை,

உன் கடிதம் தபால் லாரியில் மாவு மூட்டைக்கு அடியில் கிடந்து வந்தது. பிரித்தால் மாவு கொட்டுகிறது, படித்தால் மிளகாய் நெடி அடிக்கிறது.

பொறுமை என்று போட்டது பாராட்டுத்தான். உன்னைத் தவிர வேறு யார், ஒட்டிக் கிடந்த முதல் தொகுதி போக மீதி எட்டுத் தொகுதியையும் கையால் படியெடுத்து, எழுத்துப் புரியாத இடத்தில் பக்கத்திலேயே குட்டியாகக் கேள்விக்குறி போட்டு அனுப்புவார்கள்? மெஸ்ஸில் எல்லோரும் கை கழுவிவிட்டுப் போன பிறகும் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவள்தானே நீ. அதற்குத்தான் அந்தப் பெயர்.

கூப்பிடவில்லை என்கிறாய். மூன்று தடவை கூப்பிட்டேன். முதல் தடவை காப்பகத்தில் ஆய்வு என்றாய். அடுத்து முழங்கால் வலி. மூன்றாவது, வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் மாறுகிறது என்றாய். உன் வீட்டுக்காரர் என்ன குழந்தையா, இடுப்பில் தூக்கிவைத்துச் சோறு ஊட்ட? மூன்று கடிதமும் உன் கையெழுத்தோடு என்னிடம் இருக்கின்றன. நான்காவது தடவை கேட்க எனக்கும் கொஞ்சம் ரோஷம் உண்டு.

பென்சில் பெயர் அட்டையில் வருவதற்குக் காரணம், அவள் பத்தொன்பது பயணத்தையும் பத்தொன்பது கோடாக வரைந்திருக்கிறாள். எந்தக் கிணறு எந்த வருஷம் வற்றியது, எங்கே சாத்து சுற்றிப் போனது எல்லாம் அந்தக் கோடுகளில் இருக்கிறது. நீ பார்த்தால் உனக்கும் அவளைப் பிடித்துவிடும். அதுதான் உனக்குப் பயமோ என்னவோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பென்சில் ஒரு சந்தேகம் கிளப்பியிருக்கிறாள். நான்காம் தொகுதியில், ஒரே மாதத்தில் பதினெட்டு நாள் இடைவெளியில், ஒற்றைக்கண்ணன் பெயரில் இரண்டு சாத்து கிளம்பியிருக்கிறது. போய்த் திரும்ப நான்கு மாதம் ஆகும். “பறந்தாக்கா போனான்?” என்று கேட்கிறாள். பதிவேட்டில் பெயர் எழுதுவதற்கு ஏதாவது விதி இருந்திருக்கும், அது முதல் தொகுதியில் இருக்கலாம் என்கிறாள். நான் சிரித்துவிட்டேன். அப்படி ஒரு வரி இருந்தால் ஆமை கண்ணில் படாமல் இருக்காது, பட்டால் என்னிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள் என்றேன். இருந்தாலும் அவள் விடவில்லை. ஒரு வரி எழுதிப் போடு, அவள் வாயை அடைக்கிறேன்.

ஏப்ரல் முடிவில் அச்சுக்குப் போகிறது. 

முத்தங்களுடனும் கடியுடனும்
கொசு


மார்ச் 5
(அனுப்பவில்லை)

கொசு,

முதல் தொகுதி நவம்பரிலேயே வந்துவிட்டது.

பைண்டர் போன பிறகு மேல் அறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். இரண்டாவது ஏட்டிலேயே இருந்தது, பதிவு எழுத்தர்களுக்கான விதி. உனக்காகப் படியெடுத்த அதே கையெழுத்தில் இங்கேயும் எழுதுகிறேன்: ‘சாத்துகள் சரக்கை நம்பிக்கையின் பேரில் பெற்றுச் செல்வதால், அவர்களில் ஒருவரைப் பிணையாக இங்கே நிறுத்திக்கொள்க. சாத்து திரும்பும்வரை அவர் மேல் அறையில் தங்குவார். பதிவில் எழுத வேண்டியது நிற்பவரின் பெயரே. போகிறவரின் பெயர் வேண்டாம். போகிறவரை நாம் பிடிக்க இயலாது.’

ஒற்றைக்கண்ணன் எங்கேயும் போகவில்லை, கொசு. பத்தொன்பது முறையும் அவன் இங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். ஒரே ஆளைப் பிணையாக வைத்துவிட்டு ஒரு குடும்பத்தின் இரண்டு கூட்டம் கிளம்பலாம். அதனால்தான் ஒரே மாதத்தில் இரண்டு. உன் பென்சிலின் சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி.

அன்று மத்தியானமே உனக்கு எழுத உட்கார்ந்தேன். ‘கொசு, தலையில் கை வைத்துக்கொண்டு படி’ என்று ஆரம்பித்தும்விட்டேன். அப்போதுதான் ப்யூன் உன் கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். அட்டையில் இரண்டு பெயர் என்று சொன்ன கடிதம். பேனாவை மூடினேன். நாளை எழுதலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். ஒரு வாரத்தில், இது சோம்பல் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. பிப்ரவரியில் துணிந்து பொய்யே எழுதினேன்.

என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? புத்தகம் வரும். யாராவது இங்கே வந்து முதல் தொகுதியைக் கேட்பார்கள். பத்தொன்பது கோடும் பொய் என்று எழுதுவார்கள். பென்சில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். நீ அழுதுகொண்டு என் வீட்டுக்கு வருவாய், நான் டீ போட்டுக் கொடுப்பேன். இவ்வளவுதான் என் திட்டம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது. உன் பத்து வருஷமும் அதோடு சேர்ந்து போகும் என்பதை நினைக்காமல் இல்லை. நினைத்துவிட்டு ஒதுக்கினேன்.

மூன்று தடவை நீ கூப்பிட்டபோதும் நான் ஏன் வரவில்லை என்று உனக்குச் சொன்னதில்லை. வந்தால் நான் விருந்தாளி. கூடாரக் கயிற்றை எங்கே கட்டுவது என்று அவள் எனக்குச் சொல்லிக் கொடுப்பாள். நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள், எதற்கென்று நான் கேட்க வேண்டியிருக்கும்.

ஆமை


மார்ச் 6
துறைமுகம்

அன்புள்ள கொசுவுக்கு,

விதி என்று எதுவும் இல்லை. ஒற்றைக்கண்ணன் என்பது பட்டப்பெயர்தானே. அந்தக் காலத்தில் அம்மையில் கண் போனவர்கள் எத்தனை பேர்! இரண்டு ஆள் இருந்திருக்கலாம். பதினெட்டு நாள் இடைவெளிக்கு அதுவே போதுமான விளக்கம். பென்சிலைக் கொஞ்சம் கூர் சீவிக்கொள்ளச் சொல்.

இங்கே வேலை அதிகம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆமை


ஏப்ரல் 3
நான்காம் கிணற்று முகாம்

ஆமை,

உன் கடிதத்தை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். ‘கூர் சீவிக்கொள்ளச் சொல்’ என்பதையும் சேர்த்துத்தான். சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தாள்.

“அக்கா, நான் ஒரு நடை துறைமுகத்துக்குப் போய் அந்த மொத தொகுதியப் பாத்துட்டு வந்துடறேன். எண்ணி பத்து நாள்.”

“எதுக்கு? அவதான் இல்லன்னு எழுதியிருக்காளே.”

“அவங்க தேடிட்டு இல்லன்னு எழுதுனாங்களா, தேடாமலா?”

“என்னடி கேள்வி இது?”

“ரெண்டு ஆளா இருந்தா அவங்க அதை முன்னாடியே குறிச்சு அனுப்பியிருப்பாங்க. ஒரு எழுத்து மசங்கியிருந்தாலே கேள்விக்குறி போடுறவங்க. இந்தக் கடுதாசி அவங்க எழுதுற மாதிரியே இல்லக்கா. நீங்க ஏட்டை நம்புறீங்களா, ஃப்ரெண்டை நம்புறீங்களா?”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்படின்னா இங்க எனக்கு வேலை இல்ல.”

அதற்கப்புறம் நான் பேசியதை எழுத மாட்டேன். உனக்குத் தெரியும் என் வாய். இருபத்தைந்து வருஷப் பழக்கம், உனக்கு என்னடி தெரியும் என்று ஆரம்பித்து, எங்கேயோ போய் முடிந்தது. அவள் கம்பவுண்டர் வீட்டுத் திண்ணை அறைக்குப் படுக்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வரைபடங்களை என் மேசையில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு ஒரு சீட்டு: ‘படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொய்யாக இருக்குமோ என்று தோன்றும் கோட்டில் என் பெயர் வேண்டாம்.’

போகட்டும். பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். அட்டையில் இரண்டு பெயர்தான், நீயும் நானும். மொட்டைமாடியில் பேசியபடி. ஒப்புதல் தாள் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அடுத்த லாரியில் அனுப்பு. நன்றிப் பக்கத்திலிருந்து உன்னை எடுத்துவிட்டேன், சந்தோஷம்தானே?

இங்கே ரொம்ப அமைதியாக இருக்கிறது. டீ போட்டால் ஒரு தம்ளர் மிஞ்சுகிறது.

உன்
கொசு


ஏப்ரல் 14
துறைமுகம்

வணக்கம்.

உங்களை எப்படி அழைப்பது என்று அரை மணி நேரம் யோசித்தேன். கொசு உங்களைக் கூப்பிடும் பெயர் என் வாயில் எப்போதும் குத்தலாகத்தான் வந்திருக்கிறது. தங்கை என்று எழுத மனம் வரவில்லை. அதனால் வணக்கத்தோடு ஆரம்பிக்கிறேன்.

உங்கள் சந்தேகம் சரி. விதி இருக்கிறது. அந்த ஏட்டின் படியைக் காப்பக முத்திரையோடு இதில் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் இருப்பது நடந்தவர்களின் பெயர் அல்ல, பிணையாக இங்கே நிறுத்தப்பட்டவர்களின் பெயர். இது எனக்கு நவம்பரிலேயே தெரியும். ஏன் சொல்லவில்லை என்பதை மார்ச் 5 அன்று கொசுவுக்கு எழுதி, அனுப்பாமல் மேசைக்குள் வைத்திருந்தேன். அந்தக் கடிதத்தை ஒரு வரி மாற்றாமல் அவளுக்கு இன்று அனுப்புகிறேன். இரண்டும் ஒரே தபால் பையில் வரும். அவளுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய வேலை இல்லை.

ஒப்புதல் தாள் நான்கு நாளாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, “கேட்டது கெடச்சிடுச்சுல்ல? அப்புறம் ஏன் எழவு விழுந்த வீடு மாதிரி உக்காந்திருக்கே?” என்றார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நீங்கள் படுக்கையை எடுத்துக்கொண்டு போன இடத்தைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாட்டுக்கூட முணுமுணுத்தேன். அப்புறம் கடைசி வரிக்கு வந்தேன், அந்த மிஞ்சும் தம்ளர். இத்தனை வருஷத்தில் நான் இல்லை என்று அவள் ஒரு தம்ளர்கூட மிச்சம் வைத்ததாக எழுதியதில்லை. உங்கள்மேல் மறுபடியும் பொறாமை வந்தது. கையெழுத்துப் போட எடுத்த பேனா அப்படியே நின்றுவிட்டது.

தாளைக் கையெழுத்தில்லாமல் இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெள்ளைதான், உங்களுக்கு வரைய உதவும்.

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அந்தக் கோடுகளைக் கிழித்துவிடாதீர்கள். பத்தொன்பது சாத்து போனது உண்மை, நீங்கள் வரைந்த வழியில்தான் போனது. போனவர்கள் யார் என்று கரையில் உள்ள எந்த ஏட்டிலும் இல்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் நீங்கள் இருக்கும் பக்கம்தான். என் பாதியில் நடந்தவர் ஒருவர்கூடக் கிடையாது என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

ஆனால் ஆறாம் அத்தியாயம் மாற வேண்டும். அதற்கு முதல் தொகுதியின் ஓரக் குறிப்புகளையும் படியெடுத்து இணைத்திருக்கிறேன். ஒற்றைக்கண்ணனைப் பற்றி மூன்று இருக்கின்றன. ‘கடலின் இரைச்சலால் உறக்கமில்லை என முறையிட்டார்.’ ‘பாய் மாற்றித் தரப்பட்டது.’ மூன்றாவதை எழுத்தரே புரியாமல்தான் எழுதியிருக்கிறார்: ‘சாத்து திரும்பி வந்த அன்று பிணையாள் கீழே இறங்கி வர மறுத்தார். மறுநாள் இறங்கினார்.’

நான்கு மாதம் அடைந்து கிடந்தவன், கதவைத் திறந்துவிட்ட பிறகு ஏன் வரமாட்டேன் என்றான்? இங்கே இன்று வாசகர் அறையாக இருக்கும் அதே மேல் அறைதான். அங்கிருந்து முற்றம் தெரியும். கீழே அவன் ஆட்கள் ஒட்டகத்திலிருந்து பொதியை இறக்கிக்கொண்டு, வழியில் நடந்ததை ஆளுக்குப் பாதி வாக்கியமாகச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். மீதிப் பாதி அவர்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவன் உயிரை வைத்துத்தான் அவர்கள் போனார்கள், ஆனாலும் தெரியாது. இதை நான் எழுதினால் அழுதுவடியும். நீங்கள் எழுதுங்கள், அல்லது அவள் எழுதட்டும். உங்கள் இருவர் பெயரில் வரட்டும். நன்றிப் பக்கத்திலும் நான் வேண்டாம்.

இனி அவளைப் பற்றி. என் கடிதத்தைப் படித்ததும் கத்துவாள். அப்புறம் சாப்பிட மாட்டாள். சாப்பிடுங்கள் என்று சொல்லாதீர்கள், அதற்கும் கத்துவாள். தட்டை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் ஏதாவது வேலை செய்யுங்கள். தலைவலி என்று சொன்னால் அழப்போகிறாள் என்று அர்த்தம், மாத்திரை தேட வேண்டாம். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வாயில் வராது. உங்கள் செருப்பைத் தைத்து வைப்பாள், அல்லது தண்ணீர்ப் பையை நிரப்பி வைப்பாள். அதை வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்கு இடது காது மந்தம். கல்லூரியிலிருந்தே அப்படித்தான், யாரிடமும் சொல்ல மாட்டாள். நடக்கும்போது வலப்பக்கம் வாருங்கள்.

இதெல்லாம் இருபத்தைந்து வருஷத்தில் நான் சேர்த்து வைத்தது. கொடுக்க மனசில்லாமல்தான் கொடுக்கிறேன். உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. என் ஒரு கடிதத்தைப் படித்தே ‘இது அவங்க எழுதுற மாதிரி இல்ல’ என்று கண்டுபிடித்தீர்களே, அதற்காக இன்னும் கொஞ்சம் பிடிக்காமல் போய்விட்டது. அவளுக்கே அது தெரியவில்லை.

ஒரு மாதத்தில் அவள் எனக்கு எழுதுவாள். கோபத்தைச் சேர்த்து வைக்கத் தெரியாதவள், மன்னித்துவிட்டேன் போடி என்றுதான் எழுதுவாள். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடப்போவதில்லை. போட்டால், அவள் மன்னித்த கையோடு அவளை மறுபடியும் எனக்கு மட்டுமாகக் கேட்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, அப்படிக் கேட்காமல் ஒரு கடிதம் எழுத வரும்வரை எழுதப்போவதில்லை. இதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் நீங்களும் சொல்ல வேண்டாம். அவள் தபால் லாரிக்காக நிற்பதைப் பார்த்தால், வேலை இருக்கிறது என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

இப்படிக்கு,
காப்பகத்தில் இருப்பவள்